தொட்டியில் ஒரு வெள்ளாமை

2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தக்காளி விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது நகரங்களில் இரண்டு காரியங்கள் நடந்தன. வீடுகளில் ரசம் வெளுத்தது. மாடிகளிலும் பால்கனிகளிலும் தொட்டிகள் முளைத்தன. மத்திய அரசு ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் கொள்முதல் செய்து, தில்லித் தெருக்களில் வேன்களை நிறுத்தி கிலோ 90 ரூபாய்க்கு விற்றது. பிறகு 80, 70 என்று இறங்கி வந்தது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தது. வரிசையில் நின்று வாங்கிய ஒரு கிலோவைத் தங்கம் போலப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவர்களில் பலருக்கு ஒரே யோசனைதான்: இதை நாமே வளர்த்தால் என்ன?

கிழக்கு தில்லி, மயூர் விஹாரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கும் தமிழ்ப் பெண்மணிக்கும் அப்படித்தான் தோன்றியது. வயது 46. மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலர். கோப்புகளைத் தவிர வேறு எதையும் வளர்த்துப் பழக்கமில்லாதவர் என்று கணவர் கேலி செய்வதுண்டு. வீட்டில் அப்போது இன்னொருவரும் இருந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த மாமியார். வயது 74. தக்காளி போட்டே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். தக்காளியாலேயே கடனும் பட்டவர். கணவர் காலமான பின் தாயார் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் அழைத்து வந்துவிட்டார். ஊரில் மிச்சமிருந்தது ஒன்றரை ஏக்கர். அதை விற்றுவிடலாம் என்பது மகனின் கட்சி. தாயார் கூடாது என்றும் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

மருமகள் பால்கனியில் தக்காளி வைக்கப்போவதாகச் சொன்னதும் மாமியார் சிரித்தார். “வாளியில போட்டு வளக்கறதெல்லாம் ஒரு வெள்ளாமையா கண்ணு?” என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த மண்ணில் தக்காளியே ஒரு புதுமுகம்தான் என்பதை இங்கே சொல்லிவிடலாம். தென் அமெரிக்கச் செடி. போர்ச்சுக்கீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்வார்கள். வங்காளத்தில் அதற்கு ‘பிலாத்தி பேகுன்’ என்று பெயர். சீமைக் கத்தரிக்காய் என்று பொருள். தமிழில் தக்காளி என்ற சொல் முன்பே இருந்தது. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்று வேலியோரம் தானாக முளைக்கிற சின்னப் பழங்களுக்கான சொல் அது. வந்த விருந்தாளி முதலில் சீமைத் தக்காளியாக இருந்து, பிறகு ‘சீமை’யை உதறிவிட்டுப் பெயரை முழுசாகத் தனதாக்கிக்கொண்டது. இன்று அது இல்லாத குழம்பு அபூர்வம். ஆனாலும் குணத்தில் அது இன்னும் வெளியூர்க்காரர்தான்: வெயில் அதிகமானாலும் கோபம், குளிர் அதிகமானாலும் கோபம்.

முதல் முயற்சிக்கு மருமகள் விதை வாங்கவில்லை. அந்த 200 ரூபாய்த் தக்காளிகளில் ஒன்றைக் குறுக்கே வெட்டி, வில்லைகளை மண்ணில் புதைத்துத் தண்ணீர் தெளித்தார். தொலைபேசிகளில் சுற்றிவரும் வீடியோக்களில் இது மிகச் சுலபமான வித்தையாகக் காட்டப்படுகிறது. முளைக்கத்தான் செய்தது. ஏழாம் நாள் ஒரு தொட்டியில் நாற்பது நாற்றுகள். ஆனால் சந்தைத் தக்காளியில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு ரகங்கள். நெடுந்தூரம் லாரியில் குலுங்கி வந்தும் உடையாத தோலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் விதையிலிருந்து வரும் செடி தாயைப் போல இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் விதைதான் என்று சொல்லலாம். ஒரு பாக்கெட் ஐம்பது, அறுபது ரூபாய்; அதில் பத்துக் குடும்பங்களுக்கு நாற்று வளர்க்கலாம்.

விதையைவிடப் பெரிய சிக்கல் பருவம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் தமிழ்நாட்டு மழையை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். தில்லியில் ஆகஸ்டில் விதைத்த நாற்று, செப்டம்பர் கடைசியில் கொழுகொழுவென்று நிற்கும்போது வெள்ளை ஈ பறந்து வரும். இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி அது. செடியைத் தட்டினால் சாம்பல் பறப்பதுபோல எழும்பும். அது குடிக்கும் சாறு பெரிய நஷ்டமில்லை. அது கொண்டுவரும் வைரஸ்தான் எமன். இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றுவிடும். இலைச்சுருட்டை வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவது ஒன்றே வழி. ஐந்து செடிகளில் நான்கு அக்டோபருக்குள் போயின. மிச்சமிருந்த ஒன்று மூன்று காய் காய்த்தது.

வேடிக்கை என்னவென்றால், அதற்குள் சந்தையில் தக்காளி மலிந்துவிட்டது. ஜூலையில் 200 ரூபாய் விற்ற அதே தக்காளி, செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் மொத்த விலையில் கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போயிற்று. விவசாயிகள் சாலையோரம் கொட்டினார்கள். ஜூலை விலையைப் பார்த்து ஊர்முழுக்க நட்டவர்களின் காய்கள் ஒரே சமயத்தில் பழுத்ததுதான் காரணம். நட்டு, பூத்து, காய்த்து, சிவக்க மூன்று மாதம் பிடிக்கும் ஒரு பயிரை இன்றைய விலையை வைத்து நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பொருளாதாரப் புத்தகம் தேவையில்லை. மயூர் விஹார் பெண்மணி செய்ததும் அதையேதான், ஐந்து வாளி அளவில்.

தொலைக்காட்சியில் அந்தக் கொட்டும் காட்சியைப் பார்த்த இரவு மாமியார் சாப்பிட மறுத்துவிட்டார். மறுநாள் காலை முதன்முறையாகப் பால்கனிக்கு வந்தார். காய்ந்துபோன தொட்டியில் விரலை விட்டுக் கிண்டினார். “இது மண்ணா கண்ணு, சிமிட்டி. வேர் எப்படி எறங்கும்?” என்றார்.

அவர் சொன்னது சரி. தில்லியின் சாலையோர நர்சரிகளில் சாக்குக்கு எடுத்துக் கொட்டும் மண், பெரும்பாலும் ஆற்று வண்டலும் களியும் கலந்தது. நிலத்தில் கிடக்கும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. தொட்டியில் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இறுகிவிடும். வேருக்குத் தண்ணீர் போலவே காற்றும் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். தொட்டிக்கு வேண்டியது வேறு கலவை: மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. ‘கோகோபீட்’ என்ற பெயரில் செங்கல் போல அழுத்தி விற்கிறார்களே, அந்த நார்க்கழிவுதான். ஐந்து கிலோ கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டால் ஒரு பெரிய தொட்டி நிறைய ஊறிப் பெருகும்.

அந்தக் கட்டியைப் பார்த்ததும் மாமியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் வாசலில் மலைமலையாகக் குவிந்து கிடந்து, யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருந்த பொருள் அது. “இதுக்கு எரநூத்தம்பது ரூவா குடுத்தியா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார்.

இரண்டாவது முயற்சியில் விதை வாங்கினார்கள்: பூசா ரூபி. தில்லியிலேயே உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். பிகாரில் பூசா என்ற ஊரில் இருந்த அந்த நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1936இல் தலைநகருக்கு இடம்பெயர்ந்தபோது ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. பூசா ரூபி வீரிய ஒட்டு ரகமல்ல. எனவே பழத்திலிருந்து விதை எடுத்து மறு ஆண்டும் போடலாம். பழம் சற்றுத் தட்டையாக, காம்புப் பக்கம் லேசான வரிப்பள்ளங்களோடு இருக்கும். அழகுப் போட்டிக்கு ஆகாது, ரசத்துக்கு ஆகும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 இருக்கிறது. மாமியாரின் வயலில் விளைந்ததும் அதுதான். இலைச்சுருட்டைக்குப் பயந்தவர்கள் பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்ஷக்கை நாடலாம். அந்த நோயையும் வாடல், கருகல் நோய்களையும் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. ஆனால் அது வீரிய ஒட்டு. ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரம் முட்டை அட்டையில் விதைத்தார்கள். எப்போது விதைப்பது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. மற்ற விஷயங்களைவிட இதைத்தான் புதியவர்கள் கவனிப்பதில்லை. தக்காளிப் பூ பிஞ்சாக இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் ஊரில் அப்படிப்பட்ட இரவுகள் எப்போது வருகின்றன என்று பார்த்து, அதற்கு இரண்டு இரண்டரை மாதம் முன்பாக விதைப்பது. கொல்கத்தாவிலும் மும்பையிலும் மழை விலகும் செப்டம்பர், அக்டோபர். சென்னையில் அந்த இரவுகள் வருவதே அபூர்வம். மார்கழி, தையில் கிடைக்கும் ஓரளவு குளிர்ந்த இரவுகளைக் குறிவைக்க வேண்டும். சித்திரையில் பூக்கும் செடியை நம்பிப் பயனில்லை. பெங்களூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், பெருமழையில் கருகல் நோய் வராமல் பார்த்துக்கொண்டால் ஆண்டில் பாதிக்கு மேல் அவர்களுக்குப் பருவம்தான். தில்லிக்கு மட்டும் இரண்டு பக்கமும் கத்தி. ஜனவரியில் பனி, மே மாதம் ‘லூ’ என்னும் அனல்காற்று. நடுவில் கிடைக்கும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலுக்காகத்தான் நவம்பர் விதைப்பு.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். தக்காளிக்கு நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். அந்தப் பால்கனி தெற்குப் பார்த்தது. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் வெயில் உள்ளே வரை வந்து விழும். கோடையில் உச்சிக்கு ஏறிவிடுவதால் மேல்மாடித் தளமே நிழல் தரும். வடக்கு பால்கனிக்காரர்கள் தக்காளியை விட்டுவிட்டுப் புதினா வைக்கலாம். சண்டை போட்டுப் பயனில்லை.

இருபத்தைந்து முப்பது நாளில் நாற்று தயாராகியிருக்க வேண்டும். தில்லிக் குளிரில் நாற்பது நாள் ஆயிற்று. ஜன்னல் வெளிச்சத்தைத் தேடித்தேடிக் கழுத்து நீண்டு, நூல் போல நின்றன. போயிற்று என்று மருமகள் தூக்கிப் போடப் போனபோது மாமியார் தடுத்தார். 20 லிட்டர் பெயின்ட் வாளிகளைக் கழுவி, அடியில் ஆறேழு ஓட்டை போட்டுக் கலவை நிரப்பி வைத்திருந்தார்கள். அதில் ஆழமாகக் குழி எடுத்து, நாற்றைச் சாய்வாகப் படுக்கவைத்து, மேலே நாலு இலை மட்டும் தெரியும்படி மண் மூடினார். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும் என்பது பாடப்புத்தகத்திலும் உள்ளதுதான். “நீட்டமா வளந்த நாத்துக்கு இன்னும் நாலு வேர் சேத்தி வரும், விடு” என்பது அவருடைய பாடம்.

எல்லாப் பாடமும் வாளிக்குப் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயலில் அவர்கள் தக்காளிக்குக் குச்சி கட்டியதில்லை, பி.கே.எம். 1 தரையில் படர்ந்தே காய்க்கும். பூசா ரூபி ஆளுயரத்துக்கு வளர்ந்துகொண்டே போகிற வகை. மூங்கில் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே எட்டிப் பார்க்கும் பக்கக் கிளைகளை விரலால் கிள்ள வேண்டும். உயிருள்ள துளிரைக் கிள்ளுவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. கிள்ளிய துளிர்களைத் தண்ணீரில் போட்டு வைத்து, அவை வேர் விட்டதைக் காட்டி, “பாத்தியா, தூக்கிப் போடப் பாத்தியே” என்றார். அவற்றுக்கும் வாளி கேட்டார். பால்கனியில் இடமில்லை. ஈரக் கலவை நிறைந்த வாளி ஒவ்வொன்றும் பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும்; சுவரோரம் வரிசையாகத்தான் வைக்கலாம், பால்கனி நுனியில் அடுக்க முடியாது.

ஜனவரி இரவுகளில் வெப்பம் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கியது. சலவைக்காரரிடமிருந்து துணிகளோடு வந்த பிளாஸ்டிக் உறைகளைச் சேர்த்து வைத்து, இரவில் செடிகளுக்குத் தொப்பி போல மாட்டி, காலையில் எடுத்தார்கள். எடுக்க மறந்த ஒரு நாள் உள்ளே வேர்த்து இரண்டு இலை அழுகியது. வளர்ச்சி என்று ஒன்றும் இல்லை. ஒரு மாதம் முழுக்கச் செடி அப்படியே நின்றது. புதிதாக வளர்க்கிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். குளிரில் வேர் உறங்கும்போது போடும் உரம் வீண்.

பிப்ரவரியில் பூத்தது. மஞ்சள் நட்சத்திரம் போன்ற சிறு பூ. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் வேறு செடியின் துணை தேவையில்லை. ஆனால் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்திருக்கும், உலுக்கினால்தான் உதிரும். வயலில் காற்றும், ரீங்காரமிட்டே பூவை அதிரவைக்கும் பெரிய கருவண்டுகளும் அந்த வேலையைச் செய்யும். தேனீக்கு அந்த வித்தை வராது. மூன்றாவது மாடிக்குக் கருவண்டு வருமா? காலை பத்து மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட வேண்டும். பேட்டரி பல் துலக்கியைக் காம்பில் வைத்து அதிரவிடுபவர்களும் உண்டு. மருமகள் அலுவலகம் போன பிறகு இந்த வேலை மாமியாருக்கு வந்து சேர்ந்தது. தில்லிக்கு வந்த நாளாக எட்டரை மணிக்கு எழுந்துகொண்டிருந்தவர், ஊரில் போல ஐந்தரைக்கு எழ ஆரம்பித்தார் என்பதை மகன்தான் முதலில் கவனித்தார்.

மார்ச்சில் ஒரு தகராறு. தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் மேலாகவே தங்கிவிடும், காயப்போட்டுப் பாய்ச்ச வேண்டும் என்பது மாமியாரின் கட்சி. வயலில் அது நியாயம். அங்கே வேர் கீழே கீழே போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். வாளியில் ஓர் அடிக்குக் கீழே பிளாஸ்டிக். மருமகள் நான்கு நாள் அலுவல் பயணம் போய்த் திரும்பியபோது செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. பதறிப்போய் வாளி வாளியாக ஊற்றினார்கள். செடி எழுந்து நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து, காய்த்திருந்த காய்களில் ஏழு, அடிப்புறம் கறுத்துத் தோல்போல் குழிந்து அழுகின. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தார்கள், பூச்சி அல்ல. சுண்ணாம்புச் சத்து காயின் நுனி வரை போய்ச் சேராததால் வருவது அது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் ஏறும். தண்ணீர் ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று போனால் நுனிக்கு எட்டாது. முட்டை ஓடு நொறுக்கிப் போடச் சொல்வார்கள். அது கரைந்து பயன் தருவதற்குள் பருவமே முடிந்துவிடும். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுவது, தினமும் ஒரே அளவாக ஊற்றுவது, மேலே காய்ந்த இலை பரப்புவது: இதற்கு மேல் மருந்தில்லை.

“வாளி வேற, காடு வேற” என்று மாமியார் ஒப்புக்கொண்டார். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் தன் தொழிலில் இப்படிச் சொல்வது சாதாரணம் அல்ல.

முதல் பழம் மார்ச் கடைசியில் சிவந்தது. மே மத்தியில் அனல்காற்று இலைகளைப் பொசுக்கியது; கடைசியாக நின்ற காய்கள் வெப்பத்தில் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிட்டன. தக்காளிக்குச் சிவப்பு தரும் பொருள் கடும் வெயிலில் உருவாகாது. ஐந்து செடிகளிலும் சேர்த்து, அழுகியது போக, 6 கிலோ 800 கிராம். பிரிவு அலுவலர் அல்லவா, மருமகள் கணக்கும் வைத்திருந்தார். வாளி 300, மண் 270, நார்க்கழிவு 250, மண்புழு உரம் 400, விதை 130, மூங்கிலும் சணலும் 150, வேப்பெண்ணெயும் வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டு அட்டையும் 200. மொத்தம் 1,700 ரூபாய். கிலோ 250 ரூபாய் அடக்கம். எந்த விலையைப் பார்த்து மிரண்டு ஆரம்பித்தாரோ அதைவிட அதிகம். அந்த வாரம் வாசலில் தள்ளுவண்டிக்காரர் அரைக் கிலோ 20 ரூபாய் என்று கூவிக்கொண்டிருந்தார்.

வாளியும் குச்சியும் அடுத்த ஆண்டும் உதவும், அடக்கம் குறையும் என்று தோட்டப் பிரியர்கள் வாதிடுவார்கள். உண்மைதான். ஆனால் தொட்டித் தக்காளியால் குடும்பச் செலவு குறையும் என்று சொல்லிப் புதியவர்களை இழுப்பது நேர்மையல்ல. நான்கு பேர் குடும்பத்துக்கு வாரம் இரண்டு கிலோ என்று வைத்தாலும், அந்த ஆறரைக் கிலோ சொச்சம் ஒரு மாதத்துக்குக் காணாது.

மாமியார் கணக்கு நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “கூலி எங்க?” என்றார்.

“கூலியா? நம்ம வீட்டு வேலைதானே அத்தை.”

“உங்க மாமாவும் அப்படித்தான் எழுதுவாரு. மருந்து எழுதுவாரு, உரம் எழுதுவாரு, வண்டி வாடகை எழுதுவாரு. எனக்கும் அவருக்கும் கூலி எழுத மாட்டாரு. எழுதாததுனாலதான் ஒவ்வொரு வருசமும் லாபம்னு நெனச்சுக்கிட்டே இருந்தோம்.”

அன்றுதான் வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒரு தை மாதத்தைப் பற்றிச் சொன்னார். மகன் அப்போது கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தார். ஒட்டன்சத்திரம் சந்தையில் 14 கிலோ பெட்டி பத்து ரூபாய்க்குக் கேட்டார்கள். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகும் சந்தை அது. அன்று வாங்க ஆளில்லை. பறிக்க வரும் பெண்களுக்குக் கூலி, வண்டி வாடகை, தரகு எல்லாம் சேர்த்தால் பெட்டிக்கு அதைவிட அதிகம். பழம் சிவந்து நின்ற காட்டில் ஆட்டுக் கிடையை விட்டுவிட்டு மாமனார் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த ஆண்டு விடுதிக் கட்டணம் மாமியாரின் வளையலிலிருந்து போயிற்று. நகை அடகுக் கடையில் இருப்பதாக மகனிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் நம்பியும் விட்டார்.

தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றின் விலை ஏற்ற இறக்கத்தை அடக்குவதற்கென்று 2018 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் 2023 வந்தது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மாதக்கணக்கில் வைத்து விற்கலாம். பழுத்த தக்காளி ஒரு வாரம்கூடக் காத்திருக்காது. வாங்குபவர் காத்திருக்கலாம், வியாபாரி காத்திருக்கலாம், பயிரிட்டவரால் முடியாது. சந்தை வாசலில் பேரம் பேசும்போது யார் கை தாழும் என்பது அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

நிலத்தைப் பற்றி மகன் அதன் பிறகு பேச்செடுக்கவில்லை. தாயார்தான் எடுத்தார். குத்தகைக்கு எடுத்திருப்பவர் அதில் முருங்கை போட்டிருக்கிறார்; நல்ல மனிதர். அவருக்கே கொடுத்தால் கொடுக்கலாம், ஆனால் இந்த வருஷம் வேண்டாம் என்றார். ஏன் இந்த வருஷம் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லவில்லை. மகனும் கேட்கவில்லை.

பிடுங்குவதற்கு முன் நல்ல செடியாகப் பார்த்து நான்கு பழங்களை விதைக்கு விட்டிருந்தார்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்போடு காயவைத்தால் முளைப்பு குறையும். சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, நுரை கட்டியதும் அலசி, கீழே தங்கும் விதையை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும். ஊரில் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார்கள். தில்லியில் சாம்பலுக்கு எங்கே போவது? பூஜை அலமாரி ஊதுபத்தித் தட்டிலிருந்து மாமியார் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். காகிதப் பொட்டலங்களில் கட்டி, எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளுக்கு ஒன்று, ஊரில் குத்தகைக்காரருக்கு ஒன்று. பெரியகுளத்து ரகம் விளையும் மண்ணுக்குத் தில்லி விதையைத் தபாலில் அனுப்புவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

2024 ஜூலையில் தில்லியில் தக்காளி விலை மறுபடியும் எகிறியது. குடியிருப்பில் மூன்று வீடுகளில் உடனே தொட்டி வாங்கினார்கள். நவம்பர் வரை பொறுக்கச் சொல்லி மாமியார் தனக்குத் தெரிந்த இந்தியில் மன்றாடிப் பார்த்தார். ஒருவர் கேட்டார், இருவர் கேட்கவில்லை.

அந்த ஆண்டு வாளி ஐந்து, எட்டாயிற்று. மருமகள் புது நோட்டுப் போட்டார். அதில் ‘கூலி’ என்று ஒரு பத்தி இருக்கிறது. ஆள் இரண்டு, நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. மணிக்கு எவ்வளவு என்ற இடம் மட்டும் காலி. மாமியார் சொன்ன தொகை ஒட்டன்சத்திரத்துப் பறிகூலி; மருமகள் சொன்னது தில்லிக் குறைந்தபட்சக் கூலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையை மகன் சொன்னார். அதை இருவருமே ஏற்கவில்லை.